கெர்னல் பதிவுக் குறியீட்டில் பூட்டுகளை எளிமையாக்குவது எப்படி: லாக்பஃப்_லாக் கழன்ற வழி

லினக்ஸ் கெர்னலில் செய்திகளைப் பதிவு செய்யும் பிரிண்ட்கே ஃபங்ஷனை எங்கிருந்தும் கூப்பிடலாம்: சிஸ்டம் காலின் நடுவில், இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள், ஷெட்யூலர் தன் ரன்கியூ (ஓடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை) பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, என்எம்ஐ (மூடித் தடுக்க முடியாத இன்டரப்ட்) குறுக்கிட்ட இடத்தில், கெர்னல் பேனிக் ஆகி விழும் கடைசி நொடியில். கூப்பிடுகிறவருக்கு இது பெரிய வசதி. அந்த வசதியின் பாரம் முழுவதும் உள்ளே குறியீடு எழுதுகிறவர் தலையில் இறங்குகிறது. பதிவுக்காக எடுக்கும் எந்தப் பூட்டும் இந்த ஐந்து இடங்களிலும் பிழைத்தாக வேண்டும்.

பல ஆண்டுகள் இந்தப் பாரத்தைச் சுமந்தது லாக்பஃப்_லாக் என்ற ஒற்றை ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு). 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில், ஜான் ஓக்னஸ் எழுதிய பூட்டில்லாத ரிங் பஃபர் (நிரம்பினால் பழையதன் மேல் எழுதும் வட்டப் பதிவு நினைவகம்) கெர்னலில் சேர்ந்தது. ஆனாலும் பூட்டு உடனே போகவில்லை. 5.13-இல்தான் அது நீங்கியது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த பாதுகாப்பு பஃபர்கள் (பூட்டை எடுக்க முடியாத இடங்களில் செய்தியைத் தற்காலிகமாக வைப்பவை) 5.15-இல் போயின, இரண்டும் 2021-இல் நடந்தவை. இடைப்பட்ட அந்தப் பேட்ச்களின் வரிசைதான் இந்தக் கையேட்டின் பாடம். 4.19, 5.4 மாதிரியான பழைய கிளைகளைப் பராமரிப்பவர்களுக்கும், சொந்த டிரைவரில் தனிப் பதிவு பஃபர் வைத்திருப்பவர்களுக்கும் அதே வரிசை உதவும்.

தமிழில் எழுதும்போது பதிவும் பூட்டும் இரண்டுமே "லாக்" ஆகிவிடுகின்றன. அதனால் குறியீட்டுப் பெயர்களில் மட்டும் லாக் என்று வரும். மற்ற இடங்களில் பதிவு, பூட்டு என்றே எழுதியிருக்கிறோம்.

முதல் வேலை: பூட்டு எதையெல்லாம் காக்கிறது என்று எழுதுங்கள்

பூட்டு எடுக்கும் வரிகளைத் தேடித் திருத்தத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தேட வேண்டியது பூட்டு காக்கும் தரவை. ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: மாறியின் பெயர், யார் எழுதுகிறார், யார் படிக்கிறார், எந்தச் சூழலிலிருந்து. சூழல் என்றால் சாதாரண பிராசஸ், இன்டரப்ட், என்எம்ஐ ஆகிய மூன்றில் எது என்பது. 64 பிட் மாறியாக இருந்தால் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அதன் அருமை பிறகு தெரியும்.

5.4 கெர்னலில் லாக்பஃப்_லாக்-குக்கு இந்தப் பட்டியலைப் போட்டால் வருவது இது: பதிவு பஃபரும் அதன் தொடக்க, முடிவு எண்களும், கன்சோல் எதுவரை அச்சடித்தது என்ற எண், சிஸ்லாக் அழைப்பு எதுவரை படித்தது என்ற எண்ணும் அதன் துணை மாறிகளும், பதிவைத் துடைத்த இடத்தைச் சொல்லும் கிளியர்_சீக், பதிவைப் படிக்கவும் எழுதவும் உதவும் /டெவ்/கேஎம்எஸ்ஜி கோப்பைத் திறந்த ஒவ்வொருவரின் இடம், பேனிக் நேரத்தில் பதிவைச் சேமிக்கும் டம்ப்பர்களின் இடம், செய்தியை வடிவமைக்க வைத்திருந்த ஒரு ஸ்டாட்டிக் பஃபர். ஏழு தனித்தனி விஷயங்கள், ஒன்றுக்கொன்று பெரிய உறவும் இல்லை. ஒரே பூட்டு என்பதால் ஒரே பிரச்சினை போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பட்டியல் முடிந்ததும், பூட்டுப் பிழைகளையும் தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதையும் காட்டும் கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங், கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் இரண்டையும் இயக்கி ஒரு கெர்னல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக்_ப்ரூவ்_ரா_லாக்_நெஸ்டிங் உங்கள் பதிப்பில் இருந்தால் அதையும் சேருங்கள். ரா ஸ்பின்லாக்குக்குள் சாதாரண ஸ்பின்லாக் எடுப்பதை அது பிடித்துக் கொடுக்கும். ரியல்டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடியது என்பதால் இது முக்கியம்.

பூட்டுக்குள் இருக்கத் தேவையில்லாததை வெளியே எடுங்கள்

பூட்டை மாற்றுவதற்கு முன் அதன் வயிற்றைக் காலி செய்ய வேண்டும். நான்கு வேலைகள் பெரும்பாலும் தவறாக உள்ளே இருக்கும்.

யூசர் நினைவகத்துக்கு நகலெடுப்பது முதலாவது. காப்பி_டு_யூசர் பேஜ் ஃபால்ட் ஆகித் தூங்கலாம். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. கெர்னல் பக்கத்து பஃபரில் முதலில் வரியை உருவாக்கி, பூட்டை விட்டு, பிறகு நகலெடுங்கள்.

தூங்குகிறவர்களை எழுப்புவது இரண்டாவது. எழுப்பினால் ரன்கியூ பூட்டு தேவைப்படும். இன்னொரு சிபியுவில் ஷெட்யூலர் ரன்கியூ பூட்டோடு பிரிண்ட்கே கூப்பிட்டு உங்கள் பூட்டுக்குக் காத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். கெர்னல் இதை ஐஆர்க்யூ_வொர்க் (வேலையைச் சற்றுப் பிறகு இன்டரப்டில் செய்யவைக்கும் வசதி) வழியாகத் தள்ளிப்போட்டுத் தீர்த்தது. உங்கள் டிரைவரிலும் அதையே செய்யுங்கள்.

மூன்றாவது கன்சோலுக்கு எழுதுவது. இதில் கணக்கைப் பாருங்கள். 115200 பாட் சீரியலில் ஒரு எழுத்துக்கு தொடக்க, முடிவு பிட்களோடு 10 பிட் போகிறது. அதாவது நொடிக்கு 11520 எழுத்து. 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிநொடி. 9600 பாட் என்றால் 83 மில்லிநொடி. பழைய கன்சோல்_அன்லாக் டிரைவரைக் கூப்பிடும் முன் லாக்பஃப்_லாக்-கை விட்டுவிடும். ஆனால் இன்டரப்ட்களை மூடியே வைத்திருக்கும். ஆக, பூட்டை விட்டுவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது. இன்டரப்ட் மூடியிருக்கும் நேரத்தையும் தனியாக அளந்து பாருங்கள். மற்ற சிபியுக்கள் செய்திகளைக் கொட்டக் கொட்ட, ஒரே சிபியு அச்சடித்துக்கொண்டே சிக்கிக்கொள்ளும் தொல்லைக்கு 4.16-இல் ஸ்டீவன் ரோஸ்டெட் ஒரு வழி சேர்த்தார்: காத்திருக்கும் சிபியுவிடம் கன்சோல் பொறுப்பைக் கைமாற்றிவிடும் முறை அது.

நான்காவது செய்தியை வடிவமைப்பது. சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. பழைய விபிரிண்ட்கே_ஸ்டோர், ஏறக்குறைய 1 கேபி அளவுள்ள ஒரு ஸ்டாட்டிக் பஃபரில் செய்தியை உருவாக்கி, அதிலிருந்து பதிவு பஃபருக்கு நகலெடுத்தது. அவ்வளவு பெரிய பஃபரை ஸ்டாக்கில் வைக்க மனம் வராது, அதனால் ஸ்டாட்டிக். ஸ்டாட்டிக் என்றால் எல்லாருக்கும் பொது. பொது என்றால் பூட்டு. மாற்று வழி இரண்டு தடவை வடிவமைப்பது. முதல் தடவை 8 பைட் பஃபரில் விஎஸ்என்பிரிண்ட்எஃப் ஓட்டினால் முழுச் செய்திக்கு எவ்வளவு நீளம் தேவை என்று திரும்பி வரும். அந்த அளவுக்கு ரிங் பஃபரில் பிஆர்பி_ரிசர்வ் வழியாக இடம் பிடித்து, இரண்டாம் தடவை நேராக அங்கேயே எழுதிவிடலாம். பொதுப் பஃபரே இல்லாமல் போகிறது.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். செய்தியோடு வரும் மதிப்புகளின் பட்டியலான விஏ_லிஸ்ட்டை ஒரு தடவை பயன்படுத்தினால் தீர்ந்தது. அளவெடுக்க விஏ_காப்பி போட்டு நகலைக் கொடுங்கள். திரும்பி வரும் நீளத்தில் கடைசி பூஜ்ய பைட் சேராது, ஒன்று கூட்டுங்கள். இரண்டு தடவைக்கும் இடையில் அந்தச் சரம் வேறொருவரால் மாறி நீண்டிருக்கலாம். அதனால் இரண்டாம் தடவை, பிடித்த இடத்தின் அளவைத் தாண்டாத விஎஸ்சிஎன்பிரிண்ட்எஃப் மட்டுமே போடுங்கள்.

மேலுறை மேக்ரோக்கள்: எவ்வளவு நம்பலாம்

4.11 சமயத்தில் லாக்பஃப்_லாக்_ஐஆர்க்யூசேவ் போன்ற மேலுறை மேக்ரோக்கள் வந்தன. இன்டரப்டை மூடுவது, பாதுகாப்பு பஃபருக்கு மாறுவது, பூட்டை எடுப்பது ஆகிய மூன்றையும் ஒரே பெயருக்குள் சேர்த்தவை. எடுக்கும் வரிசையும் விடும் வரிசையும் பிசகாமல் இருக்க இது நல்ல இடைக்கால ஏற்பாடு. ஆனால் குறியீடு படிக்க எளிதானதே தவிர, பூட்டு எளிமையாகவில்லை. மேலுறை போட்ட திருப்தியில் வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

மேலுறை எழுதும்போது கவனிக்க: இன்டரப்ட் நிலையைச் சேமிக்கும் ஃபிளாக்ஸ் மாறி கூப்பிடுகிறவருடையது, அதில் மேலுறை எழுத வேண்டும், அதனால் சாதாரண ஃபங்ஷனாக எழுதினால் மதிப்பு வெளியே வராது, மேக்ரோதான் வேண்டும். ஒரே ஃபிளாக்ஸ் மாறியை உள்ளடங்கிய இரண்டு ஐஆர்க்யூசேவ்களுக்குக் கொடுத்தால், இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். கடைசியில் இன்டரப்ட் மூடியபடியே வெளியே வருவீர்கள். ஐஆர்க்யூ வகைக்கும் ஐஆர்க்யூசேவ் வகைக்கும் உள்ள வேறுபாடும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஐஆர்க்யூ வகை, விடும்போது இன்டரப்டை நிபந்தனையின்றித் திறந்துவிடும். கூப்பிட்டவர் மூடி வைத்திருந்தாரா என்று அது கேட்பதில்லை.

6.5 முதல் கிளீனப் ஹெடர் இருக்கிறது. கார்டு என்று எழுதினால் அந்த ஸ்கோப் முடியும் இடத்தில் பூட்டு தானாக விடுபடும். நடுவில் ரிட்டர்ன் செய்தாலும் பயமில்லை. பிழை வழிகள் நிறைய உள்ள ஃபங்ஷனில் இது உண்மையான நிம்மதி. ஒரே ஃபங்ஷனில் கோட்டோ வழி விடுவிப்பையும் கார்டையும் கலக்காதீர்கள். நடுவில் பூட்டை விட்டுத் திரும்ப எடுக்கும் ஃபங்ஷனுக்கும் கார்டு பொருந்தாது. பதிவுக் குறியீட்டில் அப்படிப்பட்டவை நிறைய.

மாறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டுக்கு வெளியே கொண்டுவருதல்

இதுதான் வேலையின் இதயம். ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாறி. அந்த மாறிக்குப் புதிய காப்பு ஏற்பாட்டைச் செய்யுங்கள். பழைய பூட்டை இன்னும் எடுக்காதீர்கள். சில பேட்ச்கள் வரை இரண்டும் சேர்ந்தே இருக்கும். எங்காவது உடைந்தால் பைசெக்ட் செய்து (பேட்ச் வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடி) சரியான பேட்ச்சில் விரல் வைக்க இது ஒன்றே வழி.

மிக எளிதானதிலிருந்து தொடங்குங்கள்: பகிர்வதையே நிறுத்தக்கூடிய மாறி. டம்ப்பர்களின் படிக்கும் இடம், பதிவு செய்துகொண்ட பொது அமைப்புக்குள் இருந்தது. அதைக் கேஎம்எஸ்ஜி_டம்ப்_ஐட்டர் என்ற தனி அமைப்பாக்கி, படிக்கிறவரே தன் ஸ்டாக்கில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். பகிர்வு போயிற்று, காப்பும் வேண்டாம். எந்தப் பூட்டைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: இந்தத் தரவை இரண்டு பேர் பார்க்கத்தான் வேண்டுமா?

அடுத்து, ஏற்கெனவே வேறு பூட்டின் நிழலில் இருக்கும் மாறி. கன்சோல் எண் கன்சோல்_லாக்-குக்குள் மட்டுமே மாறுகிறது என்றால் அதற்கு அதுவே போதும்.

/டெவ்/கேஎம்எஸ்ஜி-யில் ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு மியூடெக்ஸ் (காத்திருப்பவர் தூங்கக்கூடிய பூட்டு) இருந்தது. ஆனால் போல், சீக் வழிகள் அதை எடுப்பதில்லை. அந்த எண்ணை அட்டாமிக்64 (நடுவில் உடையாமல் படித்து எழுதும் 64 பிட் எண்) ஆக மாற்றியதும் தீர்ந்தது. இங்கே அது சரி, ஏனென்றால் எல்லா வழிகளும் பிராசஸ் சூழலில் இருக்கின்றன.

கிளியர்_சீக் அப்படி இல்லை. 64 பிட் எண் என்பதால் 32 பிட் இயந்திரத்தில் அதை இரண்டு தடவையாகப் படிக்க நேரும். பாதி பழையது, பாதி புதியது என்று ஒட்டுப்போட்ட எண் கிடைக்கலாம். பேனிக் டம்ப் நேரத்தில் எந்தச் சூழலிலிருந்தும் இதைப் படிப்பார்கள். அட்டாமிக்64 போட்டால் ஆகாதா? 64 பிட் அட்டாமிக் இல்லாத இயந்திரங்களில் அட்டாமிக்64-இன் பொது வடிவம் உள்ளே ஸ்பின்லாக்கைத்தான் பயன்படுத்துகிறது. என்எம்ஐ அங்கே வந்து விழுந்தால் அதே சிபியு தனக்குத்தானே காத்திருக்கும். சாதாரண சீக்கவுண்ட் (படிக்கும் நடுவில் மதிப்பு மாறியதா என்று ஓர் எண்ணியால் பார்த்து, மாறினால் திரும்பப் படிக்கும் முறை)? எழுதுகிறவர் பாதியில் இருக்கும்போது என்எம்ஐ வந்து படிக்க முயன்றால், எழுதி முடிக்கட்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதுகிறவரோ என்எம்ஐ முடியட்டும் என்று நின்றிருப்பார். அதனால்தான் சீக்கவுண்ட்_லாட்ச். மதிப்புக்கு இரண்டு பிரதி. ஒன்றை மாற்றும்போது மற்றதைப் படிக்கலாம். வாசகர் எழுதுகிறவருக்காக நிற்பதே இல்லை. எழுதுகிறவர்கள் மட்டும் தங்களுக்குள் வரிசைப்பட ஒரு பூட்டு வேண்டும்.

அந்தப் பூட்டுதான் சிஸ்லாக்_லாக். சிஸ்லாக் அழைப்பின் மாறிகளையும் கிளியர்_சீக் எழுதுவதையும் காக்க வந்தது. பிராசஸ் சூழல் மட்டுமே என்பதால் அது மியூடெக்ஸ் ஆக இருந்திருக்கலாம். ஆனால் 5.13-இல் அதை ரா ஸ்பின்லாக் ஆகவே கொண்டுவந்தார்கள். இடைக்காலத்தில் அது லாக்பஃப்_லாக்-குக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டியிருந்தது. ஸ்பின்லாக்குக்குள் மியூடெக்ஸ் எடுக்க முடியாது. பெரிய பூட்டும் பாதுகாப்பு பஃபர்களும் போன பிறகு, 5.15-இல் மியூடெக்ஸ் ஆக்கினார்கள். இடைநிலையில் அசிங்கமாகத் தெரியும் தேர்வுக்குக் காரணம் இருக்கலாம். அதை பேட்ச் விளக்கத்தில் எழுதிவிடுங்கள், பிறகு வருகிறவர் அவசரப்பட்டுத் திருத்தமாட்டார்.

மியூடெக்ஸ் ஆக்கிய கையோடு இன்னொரு ஓட்டையும் அடைபட்டது. பழைய குறியீடு பூட்டில்லாமல் புதிய செய்திக்குக் காத்திருந்து, பிறகு பூட்டை எடுத்துப் படித்தது. இரண்டு வாசகர்கள் ஒன்றாக எழுந்தால் முதல்வர் எல்லாவற்றையும் படித்துவிடுவார்; இரண்டாமவர் வெறும் கையோடு 0 பைட் என்று திரும்புவார். இப்போதைய வடிவம் இது: பூட்டோடு எண்ணை ஒரு தனி மாறியில் எடு, பூட்டை விடு, அந்த எண்ணுள்ள பதிவு வரும்வரை காத்திரு, பூட்டை எடு, பொது எண் இன்னும் அதேதானா என்று பார்; மாறியிருந்தால் முதலிலிருந்து. பூட்டை விட்டு எடுக்கும் எந்த இடத்திலும் இந்தச் சரிபார்ப்பு வேண்டும்.

தொலைந்துபோகும் கடைசி வரி

கன்சோல் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறது. தேவையில்லை என்று தோன்றும், நீக்கிவிடாதீர்கள். பிரிண்ட்கே செய்தியைப் பதிவில் போட்டுவிட்டு கன்சோல் பூட்டை ட்ரைலாக் செய்யும் (காத்திருக்காமல் எடுக்க முயலும்). கிடைக்காவிட்டால், பிடித்திருப்பவர் அச்சடிப்பார் என்று நம்பித் திரும்பிவிடும். இப்போது சிபியு 0 எல்லாவற்றையும் அச்சடித்து, இனி ஒன்றுமில்லை என்று பார்த்து, பூட்டை விடப்போகிறது. அந்த இடைவெளியில் சிபியு 1 ஒரு செய்தியைப் போட்டு ட்ரைலாக் செய்கிறது. பூட்டு இன்னும் சிபியு 0 கையில், அதனால் திரும்பிவிடுகிறது. சிபியு 0 பூட்டை விடுகிறது. செய்தி பதிவில் இருக்கிறது, அச்சடிக்க ஆளில்லை. அடுத்த பிரிண்ட்கே வரும்வரை அது வெளியே வராது. இயந்திரம் அப்படியே உறைந்துவிட்டால், காரணம் சொல்லும் அந்த ஒரு வரிதான் காணாமல் போயிருக்கும்.

அதனால் பூட்டை விட்ட பிறகு மறுபடி பார்க்க வேண்டும்: புதிய பதிவு இருந்தால் ட்ரைலாக், கிடைத்தால் வளையத்தின் தொடக்கத்துக்கு. கிடைக்காவிட்டால் கவலையில்லை, புதிதாகப் பிடித்தவர் விடும்போது இதே சரிபார்ப்பைச் செய்வார். வரிசை முக்கியம். விடுவதற்கு முன் பார்ப்பது போதாது, விட்ட பின் பார்க்க வேண்டும். முன்பு இந்தச் சரிபார்ப்பு லாக்பஃப்_லாக்-குக்குள் நடந்தது, 5.13 முதல் பிஆர்பி_ரீட்_வேலிட் அதைப் பூட்டில்லாமல் செய்கிறது.

பூட்டு இலவசமாகத் தந்தவை

பெரிய பூட்டு பல காரியங்களைச் சொல்லாமலே செய்துகொண்டிருக்கும். கழற்றிய பிறகே அவை தெரியவரும். பிரிண்ட்கே தனக்குள்ளேயே மீண்டும் கூப்பிடப்பட்டால் முடிவில்லாமல் சுழலாமல் இருப்பது அதில் ஒன்று. 4.11 முதல் பாதுகாப்பு பஃபர்கள் இதைப் பார்த்துக்கொண்டன. 5.15-இல் அவற்றுக்குப் பதில் ஓர் எண்ணி வந்தது: ஒவ்வொரு சிபியுவுக்கும், என்எம்ஐ-க்குத் தனியாகவும், 3 நிலைக்கு மேல் உள்ளே போனால் செய்தி விடப்படும். இன்னொன்று, பல வரி ஸ்டாக் டிரேஸ்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது. இதற்குச் சிபியு சார்ந்த பூட்டு உண்டு, இப்போதைய பெயர் பிரிண்ட்கே_சிபியு_சிங்க். அதே சிபியு மறுபடி எடுத்தாலும் சிக்காது, ஆகவே என்எம்ஐ-யிலும் பயன்படும். அதைப் பிடித்துக்கொண்டு வேறு எந்தப் பூட்டும் எடுக்காதீர்கள்.

பேனிக் வழியில் பூட்டை மறுபடி இனிஷியலைஸ் செய்யும் பழைய பழக்கம் உங்கள் குறியீட்டில் இருந்தால், அதுவே முதலில் போகட்டும். உயிரோடு இருக்கும் வேறொரு சிபியு பிறகு அந்தப் பூட்டை விட வந்தால், எடுக்காத பூட்டை விட்டதாகிவிடும்.

சோதனை

குறைந்தது 4 சிபியு கொடுத்து க்யூஎமுவில் கெர்னலை இயக்குங்கள். பூட் வரியில் பிரிண்ட்கே.டெவ்கேஎம்எஸ்ஜி=ஆன் சேர்க்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் யூசர் பக்கத்திலிருந்து எழுதும் செய்திகளுக்கு 5 நொடிக்கு 10 என்ற வரம்பு இருக்கும், உங்கள் அழுத்தச் சோதனை ஒன்றையும் அழுத்தாது. இக்னோர்_லாக்லெவல் சேர்த்தால் எல்லாம் கன்சோலுக்கு வரும்.

ஒரே நேரத்தில் இவற்றை ஓட்டுங்கள்: /டெவ்/கேஎம்எஸ்ஜி-யில் வரிசை எண்ணோடு எழுதும் நான்கு வளையங்கள், அதைப் படிக்கும் ஒருவர், /பிராக்/கேஎம்எஸ்ஜி-யைப் படிக்கும் இருவர் (மேலே சொன்ன 0 பைட் ஓட்டையைப் பிடிக்க, பதிவு டெமன் ஓடினால் நிறுத்திவிடுங்கள்), பதிவை அவ்வப்போது துடைக்கும் ஒரு வளையம். /டெவ்/கேஎம்எஸ்ஜி-யின் ஒவ்வொரு பதிவிலும் இரண்டாவது புலம் வரிசை எண். அதில் தாவல் இருந்தால், அதற்கு முன் வாசகருக்கு ஈபைப் பிழை வந்திருக்க வேண்டும்; பஃபர் நிரம்பிப் பழையவை அழிந்தன என்று பொருள். ஈபைப் இல்லாமல் தாவினால் உங்கள் குறியீட்டில் ஓட்டை.

இவை ஓடும்போதே, கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ டிரிகர் கோப்பில் எல் எழுத்தை எழுதுங்கள். எக்ஸ்86-இல் எல்லாச் சிபியுக்களுக்கும் என்எம்ஐ போய் பேக்டிரேஸ் வரும். இதை நூறு தடவையாவது செய்யுங்கள், என்எம்ஐ சரியாகப் பூட்டின் நடுவில் விழ அதிர்ஷ்டம் வேண்டும். கடைசியில் சி எழுதி கெர்னலை வீழ்த்துங்கள். பேனிக் செய்தியின் கடைசி வரிவரை கன்சோலில் வந்ததா பாருங்கள். பிறகு இதே சோதனையை நிஜ சீரியல் போர்டு உள்ள இயந்திரத்தில் ஒரு தடவை. மெதுவான கன்சோலின் தொல்லை அங்கேதான் முழுதாகத் தெரியும்.

எல்லாம் தேறினால் கடைசி பேட்ச்: பூட்டை எடுக்கும், விடும் வரிகளோடு அதன் அறிவிப்பையும் நீக்குங்கள். எங்கோ மறந்துபோன பயன்பாடு இருந்தால் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். பதிவு அமைப்பின் புலங்கள் மாறியிருந்தால் கிராஷ், மேக்டம்ப்ஃபைல், கெர்னலோடு வரும் ஜிடிபி ஸ்கிரிப்ட்கள் மூன்றையும் ஒரு விஎம்கோர் கோப்பின் (வீழ்ந்த கெர்னலின் நினைவக நகல்) மேல் ஓட்டிப் பாருங்கள். இவை பதிவைக் கெர்னல் வழியாகக் கேட்பதில்லை, நினைவகத்திலிருந்து நேரடியாகப் படிக்கின்றன. 5.10-இல் பஃபரின் வடிவம் மாறியபோது இவையும் புதிய வடிவத்தைக் கற்க வேண்டியிருந்தது.